முட்டுக்காடு உப்பங்கழி: தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க ஒரு கணக்கு இருக்கிறதா?

ஈ.சி.ஆரில் போகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றால் படகுச் சவாரி. அந்த உப்பங்கழியில் இறாலும் நண்டும் பிடிப்பவர்களுக்கு அதுதான் அன்றாடச் சோறு. தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரிநீர் கடலுக்குப் போவதும் இதே வழியில்தான். இப்போது சென்னையின் குடிநீர்த் தேவையும் இங்கே வந்து நிற்கிறது. முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கோவளம் - திருப்போரூர் பகுதியில், சுமார் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் நீர்த்தேக்கம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. மீனவர்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்க்கிறார்கள்.

என்ன பிரச்சினை?

‘மழைக்காலத்துல கடலுக்குப் போற தண்ணிதானே, தேக்கி வெச்சா என்ன?’ - ஒரு தரப்பு வாதத்தின் சாரம் இது. ‘உப்புத்தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்தாத்தான் இறால் வரும். அதைக் கெடுத்தா பொழப்புக்கு எங்க போறது?’ - இது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருப்பதுதான் சிக்கல்.

கணக்கு என்ன சொல்கிறது?

இப்படிப்பட்ட மோதல்களை அலச, கனடாவின் கில்கர், ஹைப்பல், ஃபாங் ஆகியோர் 1987-இல் ஒரு வரைபட முறையை முன்வைத்தனர். அது கேட்பது மூன்றே கேள்விகள். முடிவெடுப்பவர்கள் யார் யார்? ஒவ்வொருவர் கையிலும் என்னென்ன வழிகள்? எந்த முடிவை எதைவிட விரும்புகிறார்கள்? ரூபாய்க் கணக்கு வேண்டாம். விருப்ப வரிசை போதும். தனியாக விலகி யாருக்கும் லாபம் இல்லையென்றால், அந்த நிலை அப்படியே நீடிக்கும்.

எல்மைரா தரும் பாடம்

கனடாவின் எல்மைரா ஊரில் 1989-இல் நிலத்தடி நீரில் நச்சு ரசாயனம் இருப்பது தெரியவந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகம், ரசாயன ஆலை, உள்ளாட்சி என மூன்று தரப்பு. முதலில் யாரும் இறங்கிவரவில்லை. 1991-இல் அமைச்சகமும் ஆலையும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதிர்ந்துபோனது உள்ளாட்சி. இருவர் சேர்ந்து நகர்ந்தால் முட்டுக்கட்டை உடையும். மூன்றாமவர் நடுத்தெருவில் நிற்கக்கூடும் என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

இங்கே என்ன செய்யலாம்?

அரசின் கையில் ‘கட்டுவது, கைவிடுவது’. மீனவர் கையில் ‘சம்மதம், எதிர்ப்பு’ என்று மட்டுமே வைத்தால், திட்டமும் போராட்டமும் ஒருசேர இழுத்துக்கொண்டே போகும். முகத்துவாரம் எப்போதும் திறந்திருக்குமா, எவ்வளவு பரப்பு உவர்நீராகவே விடப்படும், மீன்பிடி உரிமை எழுத்தில் வருமா என்ற கேள்விகளும் பேச்சில் சேர்ந்தால்தான் புது வழி பிறக்கும். பேசிய பிறகும் இந்த இடம் சரிப்படாது என்று தெரிந்தால், மாற்று இடம் தேடவும் அரசு தயாராக இருக்க வேண்டும்.

சேர்ந்து முடிவெடுப்பது இந்தக் கரைக்குப் புதுசில்லை. பழவேற்காட்டு மீனவர்கள், எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ‘பாடு’ முறையில் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறவர்கள்.

கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் வரை எல்லோருக்கும் பேச்சுவார்த்தையில் இடம் வேண்டும். வரைபடம் முடிந்த பிறகு நடத்தும் கருத்துக்கேட்பு அதற்கு ஈடாகாது.