தர்பூசணி இல்லாத மாதங்களில்

கோடையில் திண்டிவனம், மரக்காணம் சாலையோரங்களில் குவியும் தர்பூசணி நம் கண்ணில் படுகிறது. பிஞ்சின் தோலில் ஊசி குத்தியதுபோல் விழும் புள்ளி படுவதில்லை. பெண் பழ ஈ முட்டையிட்ட இடம் அது. புழு சதையைத் தின்று முடித்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். தெற்காசியாவிலிருந்து ஹவாய் வரை போய் வேரூன்றிய பூசணி ஈ என்ற இந்தப் பழ ஈயை, மலட்டு ஈக்களைப் பறக்கவிட்டே 1993இல் ஒகினாவாவில் ஒழித்தது ஜப்பான். குளிர் நாடுகளில் பழ ஈ பனியைத் தாண்டுமா என்று ஆராய்கிறார்கள். விழுப்புரத்துக் குளிர் அதைக் கொல்லாது. தர்பூசணி இல்லாத மாதங்களில் வேலியோரக் கோவைக்கொடியும் பின்கட்டுப் பாகல் பந்தலும் அதற்குச் சோறு போடும். ஆகவே அறுவடைக் காலத்தில் மட்டும் மருந்தடிப்பது வீண்செலவு. கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயைத்தான் இழுக்கும்; ஒருவர் மட்டும் கட்டினால், பக்கத்து வயலில் கருவுற்ற பெண் ஈ பறந்து வந்துவிடும். பொறிக்கான மானியத்தை ஆளுக்கு ஆள் பிரிக்காமல் ஊருக்கென்று கொடுங்கள். ஆண்டு முழுக்கக் கட்டட்டும். சொத்தைக் காயை வரப்பில் வீசாமல் ஆழக் குழியில் புதைப்பதையும் ஊர்க் கட்டுப்பாடாக்குங்கள்.