எட்டு ஆண்டுக்கு என்ன விலை?

தனியார் கம்பெனியில் எட்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவருக்கு அரசு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உத்தரவு கைக்கு வந்த வாரமே வீட்டில் எழும் கேள்வி, பிஎஃப் பணத்தை எடுத்து எந்தக் கடனை அடைப்பது என்பதுதான். அதைப் புது வேலையின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்ல ஆளிருக்காது. யாராவது சொல்லி இவர் விசாரிக்கப் போனாலும், பழைய இடத்தில் 'புது ஆபீஸில் கேளுங்கள்' என்பார்கள். புது இடத்தில் 'எங்களிடம் அப்படி ஒரு தலைப்பே இல்லை' என்பார்கள். நம் ஜனங்களுக்கு முதுமைக்குச் சேர்த்துவைக்கத் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்த விஷயத்தில் அந்தப் பழி பொருந்தாது. பணத்தை எடுக்கும் வழி நேராகவும், மாற்றும் வழி கோணலாகவும் இருக்கிறது. ஜனங்கள் நேரான வழியில் போகிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் கோணல் தெரியும். ஊழியர் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். முதலாளி போடுவதில் 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது என்பது பலருக்குப் பணம் எடுக்கும்போதுதான் தெரியவரும். அதற்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். ஆக, மாதம் 1,250 ரூபாய். அந்த வரம்பிலேயே எட்டு ஆண்டும் சம்பளம் வாங்கியவர் பெயரில் 1,20,000 ரூபாய் போயிருக்கும். ஆனால் ஓய்வூதியம் கிடைக்கப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். அரசு வேலைக்குப் போனவருக்கு அது இனி நிறையாது. அரசுப் பணியின் ஆண்டுகளை இந்தத் திட்டம் சேர்த்துக்கொள்ளாது, இந்த எட்டு ஆண்டுகளை அரசும் சேர்த்துக்கொள்ளாது. எட்டு ஆண்டுப் பணிக்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மறுபடி தனியார் வேலைக்கு வந்தால்தான் அதில் ஆண்டுகள் கூடும். பணமாகவே வேண்டுமென்றால் ஓர் அட்டவணை இருக்கிறது. எட்டு ஆண்டுக்கு அதில் உள்ள எண் 8.22. 15,000-ஐ அதனால் பெருக்கினால் 1,23,300 ரூபாய். எட்டு ஆண்டு முடங்கிக் கிடந்த பணத்துக்கு மேல்வரும்படி 3,300 ரூபாய்! இதே தொகை 8 சதவீத வட்டியில் வைப்பு நிதியிலேயே கிடந்திருந்தால் 1,65,000-ஐத் தாண்டியிருக்கும்.

இது சேமிப்பல்ல, காப்பீடு மாதிரி; வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கும் இதிலிருந்துதான் ஓய்வூதியம் போகிறது; பாதியில் விலகுகிறவர் முழு வட்டி கேட்கக் கூடாது என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இவர் உழைப்பை நிறுத்திக்கொண்டு விலகவில்லை. இன்னோர் இடத்தில் கால் நூற்றாண்டு உழைக்கப் போகிறார். அந்த ஆண்டுகளையும் எண்ணினால் பத்து ஆண்டு நிபந்தனை இரண்டே ஆண்டில் நிறைந்துவிடும். எண்ண மறுப்பது திட்டம்தான்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் பின்னால் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, அந்தச் சட்டம் செல்லாத இடத்துக்கு வேலை மாறுகிறவர் தன் இருப்பை அங்குள்ள வைப்பு நிதிக்குக் கொண்டுபோகலாம் என்றது. அங்கிருந்து வருகிறவருக்கும் அப்படியே. கூடவே ஒரு வாலையும் ஒட்டியது: அங்குள்ள நிதியின் விதிகள் இடம்கொடுத்தால். விஷயமெல்லாம் அந்த வாலில் தொங்குகிறது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு பொது வருங்கால வைப்பு நிதியான ஜிபிஎஃப் இல்லை, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்தான். பிஎஃப் இருப்பை வரியில்லாமல் அதற்கு மாற்ற 2017 மார்ச்சில்தான் வழி பிறந்தது. அதுவும் ஒருவழிப் பாதை. என்பிஎஸ்ஸிலிருந்து பிஎஃப்புக்குத் திரும்ப முடியாது. மாற்றுகிறவர் யோசித்துத்தான் மாற்ற வேண்டும். பிஎஃப்புக்கு வட்டி அறிவிப்பார்கள், 2024-25-க்கு 8.25 சதவீதம்; என்பிஎஸ்ஸில் சந்தை ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம். ஓய்வுபெறும் அரசு ஊழியர் பொதுவாகத் தொகையில் 40 சதவீதத்தையாவது மாதாமாதம் ஓய்வூதியம் தரும் ஆன்யுட்டியில் போட்டாக வேண்டும். தமிழ்நாட்டின் கதை இன்னும் மோசம். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கென மாநில அரசு கொண்டுவந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சிபிஎஸ்ஸில் ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் அது போகவே இல்லை, பணம் அரசிடமே இருந்தது. மத்திய அரசு ஊழியருக்கு 2017-இல் பிறந்த வழி சிபிஎஸ் ஊழியருக்குப் பிறக்கவில்லை.

கருவூலத்துக்காரர்களின் மறுப்பு ஒன்று உண்டு: தனியாரிடம் உழைத்த ஆண்டுகளுக்கு வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியம் தருவதா? அப்படி யாரும் கேட்கவில்லை. அவரவர் காலத்துக்கான தொகையை அவரவர் ஏற்பது அரசுக்குத் தெரியாத வித்தையுமல்ல. மத்திய அரசுக்கும் அதன் தன்னாட்சி அமைப்புகளுக்கும் இடையே மாறுகிறவரின் பணியாண்டுகளைச் சேர்த்து எண்ண 1984-இலேயே ஆணை வந்துவிட்டது; பழைய இடம் தன் பங்கைப் புது இடத்துக்குக் கட்டிவிடும். அந்தக் கைமாற்று தனியார் வாசலில் மட்டும் நின்றுபோகிறது. பழைய ஓய்வூதிய விதிகள் எதிர்த்திசையில் இன்னும் கறார்: ராஜினாமா செய்தவர் அதுவரை செய்த பணிக்காலத்தையே இழப்பார். அனுமதி வாங்கி இன்னோர் அரசு வேலைக்குப் போனால் விலக்கு உண்டு, தனியாருக்குப் போனால் கிடையாது.

தனியாருக்குள் மாறுகிறவருக்கு, 2025 ஜனவரி முதல், பிஎஃப் கணக்கை மாற்றப் பெரும்பாலும் முதலாளியின் ஒப்புதல்கூட வேண்டாம். (ஆதாரில் அப்பா பெயர் விரிவாகவும் பிஎஃப்பில் இனிஷியலாகவும் இருந்தால் அது தனி அவஸ்தை. தமிழர்களை மனத்தில் வைத்து எந்தக் கம்ப்யூட்டரும் செய்யப்படவில்லை.) அதே ஆண்டு அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு, வேலையிழந்தவர் முழுப் பணத்தையும் எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், ஓய்வூதியப் பகுதிக்கு 36 மாதமாகவும் நீட்டுவதென்று முடிவெடுத்தது. ஜனங்கள் எடுத்துவிடுகிறார்கள் என்ற கவலை சரிதான். ஆனால் மாற்றும் வழியைச் செப்பனிடாமல் எடுக்கும் வழியை மட்டும் அடைப்பது என்ன நியாயம்?

பிஎஃப் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது, என்பிஎஸ் நிதி அமைச்சகத்தின் கீழ். இரண்டும் டெல்லியில் ஒரே அரசு. 17ஏ பிரிவின் அந்த வாலை நறுக்கிவிட்டு, பணி நியமனப் படிவத்திலேயே பழைய பிஎஃப்பின் யுஏஎன் எண்ணைக் கேட்டு வாங்கி, பணத்தோடு ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் செய்ய வேண்டும். அது வரும்வரை, அரசு உத்தரவோடு நிற்கிறவர் பழைய கம்பெனியில் சேர்ந்த தேதியை எடுத்துப் பார்க்கட்டும். ஒன்பதரை ஆண்டு ஆனால் பத்தாக எண்ணுவது விதி. சில மாதங்களே குறைகிறவர், புது வேலையில் சேரக் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிப்பார்க்கலாம்.