முடிந்த கதைக்கு வருந்துவது மடமையா?

கற்பனைக் கதைத் தொடர் ஒன்று முடிந்துவிட்டதே என வருந்தும் பிள்ளைகளைக் கண்டால் நம்மவருள் பலருக்கு நகைப்பு வருகிறது. சிலருக்குச் சினமும் வருகிறது. இல்லாத ஊர், பிறக்காத மனிதர், நடக்காத போர், இவற்றுக்காகவா இந்த வாட்டம் என்று கேட்கின்றனர். பெற்றோர் கேட்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு நூல்களைக் கையில் கொடுக்கும் ஆசிரியரே கேட்கின்றனர் என்பதுதான் வேதனை. அந்த நகைப்பு தவறு என்பதும், அந்த வருத்தம் பிள்ளைகளின் கல்வியில் ஒரு சிறந்த பகுதி என்பதும் என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் தாராளமாக மறுக்கலாம். மறுக்கும்முன் முழுவதையும் படிக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நம் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அழுகையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை ஆகிய நான்கும் அது பிறக்கும் இடங்கள் என்றார். அழுகை கோழையின் குணம் என்று அவர் ஒதுக்கவில்லை. நகையையும் பெருமிதத்தையும் வைத்த வரிசையிலேயே அதனையும் வைத்தார். ஊனும் உதிரமும் உள்ளவரை இழந்தால் மட்டுமே அழலாம் என்று அவர் எங்கும் வரையறுக்கவில்லை. கோவலன் கொலையுண்ட பகுதியைப் படித்துக் கண்கலங்காதவரைச் சுவையறியாதவர் என்கிறோம். அதே நாவினால், மந்திரப் பள்ளி மாணவன் ஒருவனைப் பிரிந்து வருந்தும் பிள்ளைகளை மடையர் என்கிறோம். கண்ணீரை நிறுக்க இருவகை எடைக்கற்கள் வைத்திருக்கும் வணிகம் அல்லவா இது?

நம் முன்னோர் மட்டும் என்ன செய்தனர்? 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்தது. அது மாயக்கதையன்று, வரலாற்றுப் புதினம். ஆயினும் வாசகர் நெஞ்சில் அது செய்த வேலை இதே வேலைதான். தொடர் முடிந்ததும், கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர் வினவினர். கல்கி அவர்களைப் பார்த்து நகைக்கவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, மதிப்போடு விடையளித்தார். பிற்காலத்தில் எழுத்தாளர் விக்கிரமன், அக்கதையின் தொடர்ச்சியாகவே 'நந்திபுரத்து நாயகி'யைப் படைத்தார். வந்தியத்தேவனைப் பிரிய மனமில்லாமல் அந்நூலை மீண்டும் மீண்டும் படிக்கும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உளர். அவர்களே பேரப்பிள்ளைகளின் வாட்டத்தைக் கண்டு நகைப்பது என்ன நியாயம்?

இனி, இக்காலப் பிள்ளைகளின் துயருக்குப் பெரிதும் காரணமான தொடரையே எடுத்துக்கொள்வோம். ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஏழாவதும் இறுதியுமான நூல் 2007ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வெளிவந்தது. முதல் நூலில் கதைத்தலைவனுக்கு வயது 11. இறுதி நூலில் 17, அதாவது நம் நாட்டில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வயது. முதல் நூலைத் தன் பதினொன்றாம் அகவையில் கையிலெடுத்த வாசகன், இறுதி நூலைப் படித்தபோது 21 வயது இளைஞன். நான்காம் நூலுக்கும் ஐந்தாம் நூலுக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ மூன்றாண்டுக் காத்திருப்பு. அமெரிக்காவில் இறுதி நூல் முதல் 24 மணி நேரத்தில் 83 இலட்சம் படிகள் விற்றதாகப் பதிப்பகத்தார் அறிவித்தனர். நம் மலேசியாவிலோ, பேரங்காடிகள் அதனைக் குறைந்த விலைக்கு விற்றதை எதிர்த்துப் பெரிய புத்தகக் கடைகள் சில, வெளியீட்டு நாளன்றே அந்நூலைத் தம் அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டன. வணிகர் விலைக்காகச் சண்டையிட்டுக் கொண்டிருந்தபோது, பிள்ளைகள் முடிவை எண்ணி அஞ்சிக்கொண்டிருந்தனர்.

அப்பிள்ளைகள் இழந்தது என்ன? கதைமாந்தரை மட்டும் என்று எண்ணுவோர் பாதியைத்தான் கண்டவர். கதைமாந்தர் நூலிலேயே இருக்கின்றனர். பக்கத்தைத் திருப்பினால் மீண்டும் வருவர். திரும்பி வராதது காத்திருப்பு. அடுத்து என்ன நிகழும் என்று தோழரோடு கூடிப் பேசிய மாலைப்பொழுதுகள் திரும்பி வாரா. இரண்டாம் முறை படிக்கையில் சுவை மிகுதியாகலாம். ஆனால், அறியாமையின் இன்பம் அதில் இல்லை. இவற்றையெல்லாம்விட, அத்தொடர் தொடங்கியபோது தான் எவ்வாறு இருந்தானோ அந்தச் சிறுவனும் இன்று இல்லை. முடிந்த நூலை மூடி வைக்கும் பிள்ளை, தன் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியையும் சேர்த்தே மூடி வைக்கிறது. அதனைச் சொல்லத் தெரியாமல், "கதை முடிந்துவிட்டது" என்று மட்டும் சொல்கிறது. நாம் அதைக் கேட்டு நகைக்கிறோம்!

மாயக்கதை வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் வழி, ஆகவே அதற்காக வருந்துவது இரட்டை மடமை என்பார் உளர். இக்குற்றச்சாட்டுக்கு 1939ஆம் ஆண்டிலேயே விடை கூறியவர் பேராசிரியர் டோல்கியன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக்கதைகள் குறித்து ஆற்றிய உரையில், சிறைப்பட்டவன் வெளியேற விரும்புவதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர் என்று அவர் வாதிட்டார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய மோதிரக் கதையைப் படித்தவர் அதன் முடிவை அறிவர். பகை ஒழிகிறது, உலகம் காக்கப்படுகிறது. ஆனால், அதைக் காத்த ஃபுரோடோவின் புண் ஆறவில்லை. அவன் கப்பலேறிக் கடலுக்கு அப்பால் போய்விடுகிறான். தோழன் சாம் மட்டும் மனைவியும் மகளும் காத்திருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறான். வெற்றிக்கும் விலையுண்டு, அந்த விலையைச் செலுத்தியவனே பயனைத் துய்க்காமலும் போகலாம் என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நன்னெறிப் பாடம் எது? இதுவா தப்பியோடும் வழி?

நகைப்போர் ஒருபுறம் இருக்கட்டும். அவர்களைவிடப் பெரிய தீங்கு செய்வோர் மற்றொரு சாரார். வருத்தம் உண்டு என்பதை அவர்கள் நன்கறிவர். அறிந்து, அதனை விற்பனைக்கு முதலாக்குவர். வருந்தாதே, இதோ தொடர்ச்சி, இதோ முற்கதை, இதோ கிளைக்கதை என்று கடை விரிப்பர். ஹாரி பாட்டர் கதை 2007ஆம் ஆண்டு முடிந்தது. 2016ஆம் ஆண்டு அதன் தொடர்ச்சியாக நாடகம் வந்தது. அதே ஆண்டு முற்கதைத் திரைப்படங்களும் தொடங்கின. ஐந்து படங்கள் வரும் என்றனர். மூன்றாம் படம் 2022ஆம் ஆண்டு வந்தது. அதன்பின் நான்காவது வரவில்லை. முறையாக முடிந்த ஒரு கதைக்கு, முடிவில்லாத ஒரு வால்!

இந்நோய் புதியதுமன்று. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பாம் 1900ஆம் ஆண்டு ஓஸ் என்னும் மாயநாட்டுக் கதையைத் தொடங்கினார். 1910ஆம் ஆண்டு ஆறாம் நூலோடு அதனை முடிக்க எண்ணி, அந்நாடு வெளியுலகின் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிட்டது, இனி அங்கிருந்து செய்தி வாராது என்று எழுதினார். அழகிய முடிவு! ஆனால், பிள்ளைகளின் கடிதங்களும் பொருள்முடையும் அவரை விடவில்லை. 1913ஆம் ஆண்டு, கம்பியில்லாத் தந்தி வழியாகச் செய்தி வந்தது என்று ஒரு காரணம் காட்டி, கதையை மீண்டும் தொடங்கினார். மொத்தம் 14 நூல்கள் எழுதினார். 1919ஆம் ஆண்டு அவர் மறைந்தார், கதை மறையவில்லை. பதிப்பகத்தார் மற்றோர் எழுத்தாளரை அமர்த்த, அவர் 1921 முதல் 1939 வரை ஆண்டுக்கு ஒன்றாக மேலும் 19 நூல்கள் எழுதினார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்த முதல் நூலைத்தான்.

இதற்கு மாறாக, சி. எஸ். லூயிஸ் நார்னியா கதைகளை 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக எழுதி நிறுத்தினார். இறுதி நூலில் அம்மாய உலகமே அழிகிறது. முடிவைச் சொன்ன அந்த நூலுக்கே இங்கிலாந்தின் கார்னகிப் பதக்கம் கிடைத்தது. 1963ஆம் ஆண்டு மறையும்வரை அவர் எட்டாம் நூல் எழுதவில்லை. டோல்கியனும் தம் மோதிரக் கதைக்குத் தொடர்ச்சி ஒன்றைத் தொடங்கி, சில பக்கங்களோடு கைவிட்டார். எழுதத் தெரிந்தவர்க்கே நிறுத்தவும் தெரிகிறது.

நம் வேதாளக் கதையையே பாருங்கள். வேதாளம் முருங்கை மரம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைத்தான் நாம் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். ஆயின், 25 கதைகள் கொண்ட அந்தப் பழைய மாலைக்கும் ஒரு முடிவு உண்டு. அரசன் விடை கூற இயலாமல் மௌனமாகும் இடத்தில் வேதாளம் மரத்துக்குத் திரும்புவதை நிறுத்துகிறது. முடிவு என்பது அத்தகைய ஒரு மௌனம். அதனைத் தாங்கக் கற்றுக்கொள்வதே படிப்பின் பயன்.

பள்ளியில் பணியாற்றுவோர்க்கு இது எளிதில் விளங்கும். ஆண்டுதோறும் நம் ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்குப் பிரியாவிடை நடத்துகிறோம். ஆறாண்டு ஓடி விளையாடிய திடலைவிட்டுப் போகும்போது அவர்கள் அழுகின்றனர். அழாதே, இங்கேயே இன்னும் ஓராண்டு இருந்துவிடு என்று எந்த ஆசிரியராவது சொன்னதுண்டா? அழுகிறாயே, வெட்கமில்லையா என்றும் எவரும் சொல்வதில்லை. தோளைத் தட்டி, இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பி வைக்கிறோம். ஹாரி பாட்டர் கதையும் அடிப்படையில் ஒரு பள்ளிக் கதைதான். பள்ளிக் கதை ஒருநாள் முடிந்தே ஆகவேண்டும். பள்ளியைவிட்டுப் போகும் பிள்ளைகளிடம் காட்டும் பரிவை, கதையைவிட்டுப் போகும் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் காட்ட மறுக்கிறோம்?

ஆசிரியப் பயிற்சியில் பாடத்தைத் தொடங்கும் பீடிகையும், வளர்க்கும் படிகளும், முடிக்கும் முறையும் கற்பிக்கப்படுகின்றன. ஒரு நூலை முடித்த பிள்ளைகளின் மனநிலையை எவ்வாறு கையாள்வது என்று கற்பிக்கப்படுவதில்லை. பள்ளிகளில் 'நிலாம்' வாசிப்புத் திட்டம் நடைபெறுகிறது; நோக்கம் நல்லதே. ஆனால், நடைமுறையில் நாம் கேட்பவை யாவை? நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பக்கங்களின் எண்ணிக்கை, கதைச்சுருக்கம், படிப்பினை. எத்தனை நூல் என்பதே போட்டியாகிவிட்டது. பத்துப் பக்க நூல்கள் ஐம்பதைப் படித்தவருக்குப் பரிசு. எழுநூறு பக்க நூல் ஒன்றைப் படித்து நெஞ்சு கனத்து நிற்பவருக்கு ஒரே ஒரு கோடு! அந்தக் கனத்தை எழுத அந்தக் குறிப்பேட்டில் இடமில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. நகைக்காமல் இருப்பது முதற்கடமை. எந்த இடத்தில் மனம் வருந்தியது என்று கேட்பது இரண்டாவது. கேட்டால் பிள்ளைகள் மடை திறந்தாற்போல் பேசுவர். படித்ததையே ஏன் மீண்டும் படிக்கிறாய் என்று அதட்டாமல் இருப்பது மூன்றாவது. உடனே வேறொரு நூலைத் திணிக்காமல் சில நாள் பொறுத்திருப்பது நான்காவது. அதன்பின், முடிந்த கதையின் மாந்தர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பர் என்று எழுதச் சொல்லுங்கள். கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதே இல்லை. வணிகர் விற்கும் தொடர்ச்சியைவிடப் பிள்ளைகள் தாமே எழுதும் தொடர்ச்சி ஆயிரம் மடங்கு மேலானது.

இறுதியாக, எழுத்தாளர் பெருமக்களிடம் ஒரு வினா. நம் பிள்ளைகளுள் பலர் இத்தகைய நெடுங்கதைகளை ஆங்கிலத்திலோ மலாயிலோ படிக்கின்றனர். அம்மொழிகளிலேயே காத்திருக்கின்றனர், வருந்துகின்றனர். அதில் குறை காண நான் வரவில்லை. எம்மொழியில் படித்தாலும் படிப்பு படிப்பே. ஆனால், 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள இந்நாட்டில், தமிழில் ஒரு நெடுங்கதை முடிந்துவிட்டதே என்று வருந்தும் வாய்ப்பை நம் பிள்ளைகளுக்கு நாம் தந்தோமா? நன்னெறி புகட்டும் நாலு பக்கக் கதைகளை எழுதிக் குவித்தோம். பிள்ளைகளோடு கூடவே வளரும் ஒரு கதையை, ஆண்டுக்கு ஒன்றாக அவர்கள் காத்திருந்து படிக்கும் ஒரு தொடரை எத்தனை பேர் எழுதத் துணிந்தோம்? ஒரு மொழியில் சிரித்துப் பழகியவர் அம்மொழியைப் பேசுவர். அம்மொழியில் அழுதவரோ அதனை எளிதில் கைவிடமாட்டார்.

ஆகவே, எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள், துணிந்து முடித்தும் காட்டுங்கள். முடித்த அன்று நம் பிள்ளைகள் இரண்டு நாள் முகம் வாடி இருந்தால், அதுவே உங்கள் எழுத்துக்குக் கிடைத்த பரிசு. அந்த வாட்டத்தைக் கண்டு எவரேனும் நகைத்தால், அவர்களுக்கு விடைசொல்ல ஆசிரியர்களாகிய நாங்கள் இருக்கிறோம்.