நடுச்சாமத்தில் உடன்வருபவர் யார்?



நமது இல்லங்களில் மூத்தோர் ஒருவர் இறைவனடி சேரும்போது, மரண அறிவித்தலிலும் முப்பத்தோராம் நாள் நினைவு மலரிலும் அவரது படத்தின் கீழே ஒரு திருவசனத்தைப் பெரிதும் விரும்பி அச்சிடுகின்றோம். தாம் ஓடவேண்டிய ஓட்டத்தை ஓடி முடித்ததையும், விசுவாசத்தைக் காத்துக்கொண்டதையும் பற்றிப் புனித பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதிய வசனம் அது (2 திமொ 4:7).

அந்த வசனத்தோடு நாம் விவிலியத்தை மூடிவிடுகின்றோம். ஆனால் அதே அதிகாரத்தில் இன்னும் சில வரிகள் படித்துச் சென்றால், நாம் எதிர்பாராத ஒரு மனிதரை அங்கே சந்திக்கின்றோம். ஓட்டத்தை முடித்துவிட்டதாகக் கூறிய அதே பவுலடியார், விரைந்து வரும்படி தம் நண்பரை அழைக்கின்றார். தேமா தம்மை விட்டுப் போய்விட்டதைச் சொல்லி வருந்துகின்றார். லூக்கா மட்டுமே தம்மோடு இருப்பதாகக் கூறுகின்றார். மாற்குவையும் அழைத்து வரவேண்டும், துரோவாவில் விட்டுவந்த போர்வையை எடுத்து வரவேண்டும், குளிர்காலத்துக்கு முன் வந்து சேரவேண்டும் என்று கேட்கின்றார் (2 திமொ 4:9–21).

ஓட்டம் அவருடையதுதான். ஆயினும் அதன் கடைசிப் பகுதியைத் தனியே கடக்க அவர் விரும்பவில்லை. துணை வேண்டுமென்று கேட்க அவர் வெட்கப்படவும் இல்லை.

இந்த உண்மையை இன்றைய உலகில் நம் கண்முன் நிறுத்தும் ஓட்டப்போட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரிலே, ஜூன் மாத இறுதியில் நடைபெறும் ‘வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்’ என்னும் நெடுந்தூர ஓட்டமே அது. மரதன் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீற்றர் என்பதை நாம் அறிவோம். இந்த ஓட்டத்தின் தூரமோ 100 மைல், அதாவது ஏறக்குறைய 161 கிலோமீற்றர். அதுவும் செப்பனிட்ட வீதியில் அன்று. கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில். ஒலிம்பிக் பள்ளத்தாக்கு என்னும் இடத்தில் சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்குப் புறப்படுகின்றவர்கள், ஓபர்ன் நகரப் பாடசாலை ஒன்றின் மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணிக்குள், அதாவது 30 மணித்தியாலங்களுக்குள், சென்றடைய வேண்டும். ஒரு வினாடி பிந்தினாலும் ஓட்டத்தை முடித்தவர் பட்டியலில் பெயர் இடம்பெறாது. உயர்ந்த மலைகளின் குளிரிலே தொடங்கும் ஓட்டம், நண்பகலில் அனல் தகிக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளைக் கடந்து, இரவு முழுவதும் தொடர்கின்றது.

இந்தப் பாதையில் முன்பு குதிரைவீரர்களே ஒரே நாளில் நூறு மைல் செல்லும் போட்டியை நடத்தி வந்தனர். 1974ஆம் ஆண்டில் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் அந்தப் போட்டியிலே குதிரையின்றித் தம் கால்களால் ஓடி, 23 மணித்தியாலம் 42 நிமிடத்தில் முடித்தார். அதுவே இந்த ஓட்டத்துக்கு வித்தாயிற்று. இதில் பணப்பரிசு இல்லை. 24 மணித்தியாலங்களுக்குள் முடிப்பவர்களுக்கு இடுப்புப் பட்டியில் அணியும் வெள்ளிக் கொளுக்கி ஒன்றும், 30 மணித்தியாலங்களுக்குள் முடிப்பவர்களுக்கு வெண்கலக் கொளுக்கி ஒன்றும் வழங்கப்படுகின்றன.

இத்தகைய கடும் ஓட்டத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் தனியே செல்வதில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டியது. அவர்களது நண்பர்களும் குடும்பத்தினரும் தங்கள் வேலைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு உடன் பயணிக்கின்றார்கள். மலைப்பாதையில் வாகனம் செல்ல முடியாது. ஆகவே அந்த நண்பர்கள் வேறு வீதிகளால் வெகுதூரம் சுற்றிவந்து, அனுமதிக்கப்பட்ட இடங்களில் புழுதியிலும் வெயிலிலும் மணிக்கணக்கில் காத்திருக்கின்றார்கள். ஓடுபவர் வந்து சேர்ந்ததும் தண்ணீரும் உணவும் கொடுத்து, காலில் எழுந்த கொப்புளத்துக்கு மருந்திட்டு, மாற்றுக் காலுறை அணிவித்து அனுப்பி வைக்கின்றார்கள். சில நிமிடச் சந்திப்புக்காகப் பல மணித்தியாலக் காத்திருப்பு! அவர்களுக்குக் கொளுக்கியும் இல்லை, பெயர்ப் பட்டியலில் இடமும் இல்லை.

ஏறத்தாழ 62ஆவது மைலில் பாரஸ்ட்ஹில் என்னும் சிற்றூர் இருக்கின்றது. பலர் அங்கே வந்து சேரும்போது சூரியன் மறைந்துவிடும். உடல் சோர்ந்து, வயிறு உணவை ஏற்க மறுத்து, உறக்கமின்மையால் மனமும் தளர்ந்திருக்கும். அங்கிருந்து நண்பர் ஒருவர் ஓடுபவரோடு இணைந்துகொள்ள விதிகள் இடமளிக்கின்றன. எஞ்சிய தூரமெல்லாம் இருளில் கைவிளக்கோடு அவர் கூடவே வருவார். ஓடுபவரது வேகமே அவரது வேகம். இவர் நடந்தால் அவரும் நடப்பார். இவர் கல்லின்மேல் அமர்ந்தால் அவரும் நிற்பார்.

இங்கே ஒரு விதி உண்டு. அது நமக்கும் பாடமானது. உடன்வரும் நண்பர், ஓடுபவரது சுமையைத் தாம் வாங்கிச் சுமக்கக் கூடாது. அவரது தண்ணீர்ப் போத்தலைக்கூடப் பாதைநெடுகத் தூக்கிச் செல்லக் கூடாது. பேசலாம், தேற்றலாம், பாதையை நினைவூட்டலாம், உண்ணும்படி வற்புறுத்தலாம். ஓடவேண்டியவர் ஓடுபவரே.

புனித பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தைப் படிக்கும் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ஒருவர் மற்றவருடைய சுமைகளைத் தாங்கிக்கொள்ளுமாறு இரண்டாம் வசனத்தில் கூறும் அவர், ஒவ்வொருவரும் தத்தம் சுமையைத் தாமே சுமக்க வேண்டுமென்று ஐந்தாம் வசனத்தில் கூறுகின்றார். இவை முரண் அல்லவா என்று கேட்போருக்கு, அந்த மலைப்பாதையில் நள்ளிரவில் செல்லும் இரு நண்பர்களே விடையாக அமைகின்றார்கள். சுமையை ஒருவரே சுமக்கின்றார். ஆனால் அவர் தனியாக இல்லை.

நமது ஆண்டவரும் கெத்சமனித் தோட்டத்தில் இதைத்தான் கேட்டார். தாம் பருகவேண்டிய துன்பக் கிண்ணத்தைப் பேதுருவும் யாக்கோபும் யோவானும் பருகவேண்டுமென்று அவர் கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்குமாறு மட்டுமே கேட்டார் (மத் 26:36–46). அவர்களோ உறங்கிவிட்டார்கள். ஆண்டவருக்கே அந்த இரவில் துணை தேவைப்பட்டதென்றால், நமக்குத் தேவைப்படுவதில் வெட்கமென்ன இருக்கின்றது?

அன்புக்குரியவர்களே, நமது பங்குகளிலும் குடும்பங்களிலும் நிலவும் ஒரு குறையை இங்கே வெளிப்படையாகக் கூற விரும்புகின்றேன். நாம் புறப்படும் இடத்திலும் முடியும் இடத்திலும் பெருங்கூட்டமாகக் கூடுகின்றோம். நடுவழியில் எவரும் இல்லை. திருமுழுக்குக்கு ஊரே வருகின்றது. ஞானப்பெற்றோர் மெழுகுதிரி ஏந்தி நின்று, விசுவாசத்தில் பிள்ளையை வளர்க்க உதவுவதாக வாக்குறுதியும் அளிக்கின்றனர். அந்தப் பிள்ளை பதினேழு வயதில் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தும்போது, ‘என்ன நடந்தது, பிள்ளை?’ என்று வீட்டுக்குச் சென்று கேட்கும் ஞானத்தந்தையர் எத்தனை பேர்? திருமணத்துக்கு மண்டபம் நிறைகின்றது. மூன்றாம் ஆண்டில் அந்தத் தம்பதியர் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே கூரையின் கீழ் வாழும்போது, சாட்சிக் கையொப்பமிட்டவர்கள் எங்கே? நோயுற்ற முதியவருக்கு இறுதிச் சடங்கில் மலர்வளையங்கள் குவிகின்றன. அவர் உறக்கமின்றிப் புரண்ட இரவுகளில் கட்டிலருகே ஒரு கதிரை வெறுமையாகவே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தினால் மருந்து வாங்கலாம். அந்தக் கதிரையில் அமர ஒரு மனிதரே வரவேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறொன்றும் நம்மிடம் உண்டு. பிள்ளைகள் சுமக்கவேண்டியதை நாமே பறித்துச் சுமக்கின்றோம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பிள்ளை எந்தப் பாடத்தைக் கற்பது, எந்த வகுப்புக்குச் செல்வது, எதுவாக வருவது என்பனவற்றையெல்லாம் பெற்றோரே தீர்மானித்துவிட்டு, அதை அன்பு என்று அழைக்கின்றோம். அது உடன்வருதல் அன்று. பிள்ளைக்குப் பதிலாகத் தாமே ஓட முயலுதல். தோல்வியடைந்த இரவில் ஒரு சொல்லும் குத்திப் பேசாமல் அருகே அமர்ந்திருக்கும் தந்தையே பிள்ளைக்கு வேண்டியவர்.

சில சுமைகளை நாம் விரும்பினாலும் வாங்கிச் சுமக்க முடியாது. போர் 2009ஆம் ஆண்டில் முடிவடைந்தது. ஆயினும் காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களோடு விடைதேடி நிற்கும் அன்னையரை நாம் அறிவோம். தொடக்கத்தில் அவர்களருகே பலர் நின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கூட்டம் குறைந்துபோயிற்று. அவர்களுக்கு நம்மால் விடை கூற இயலாது. ஆறுதல் என்று நாம் சொல்லும் சொற்களே சிலவேளை அவர்களைப் புண்படுத்திவிடும். ஆனால் திருப்பலி முடிந்தபின் அந்த அன்னையோடு அவர் வீட்டுப் படலைவரை நடந்து செல்ல நம்மால் முடியும். பிள்ளையின் பெயரைச் சொல்லி அவர் பேசும்போது, நேரத்தைப் பாராமல் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியும்.

‘எனக்கே ஓட நேரம் போதவில்லை, பிறரோடு நடக்க எங்கே நேரம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு 2015ஆம் ஆண்டில் அந்த ஓட்டத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன். அவ்வாண்டு றொப் கிரார் என்பவர் 15 மணித்தியாலங்களுக்கும் குறைந்த நேரத்தில் முதலிடம் பெற்றார். சனிக்கிழமை இரவே அவரது ஓட்டம் முடிந்துவிட்டது. 100 மைல் ஓடிய உடல் ஓய்வையன்றி வேறெதையும் கேட்டிராது. மறுநாள் முற்பகல், நேரம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தபோது, குன்ஹில்ட் சுவான்சன் என்னும் 70 வயது மூதாட்டி ஓபர்ன் நகரின் எல்லையில் தள்ளாடி வந்துகொண்டிருந்தார். முதலிடம் பெற்ற வீரர் அங்கே இருந்தார். சாதாரணச் செருப்பணிந்த கால்களோடு அந்த மூதாட்டியின் அருகே அவரும் ஓடத் தொடங்கினார். மூதாட்டியின் உறவினரும் நண்பர்களும் சூழ்ந்து ஓடினர். மைதானத்தில் நின்ற மக்கள் கூட்டம் ஆர்ப்பரித்தது. 29 மணித்தியாலம் 59 நிமிடம் 54 வினாடியில் அவர் எல்லைக்கோட்டைக் கடந்தார். மீதமிருந்தவை 6 வினாடிகள் மட்டுமே! எழுபது வயதைத் தொட்ட பெண்ணொருவர் அந்த ஓட்டத்தை உரிய நேரத்துக்குள் முடித்தது அதுவே முதற்தடவை.

முதல்வர் கடைசியானவரைத் தேடி வந்தார். அதனால் அவரது வெற்றி ஒரு வினாடியேனும் குறைந்துவிடவில்லை. அந்த மூதாட்டியைத் தூக்கிச் செல்லவுமில்லை. அவர் தம் கால்களாலேயே முடித்தார். கடைசியானோரையும் முதன்மையானோரையும் பற்றி ஆண்டவர் கூறியதை (மத் 20:16) நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். முதன்மையானவர்கள் தாமாகவே திரும்பிவந்து கடைசியானவர்களோடு நடப்பதும் அந்தப் போதனையை வாழ்ந்துகாட்டும் ஒரு வழியல்லவா? படிப்பிலும் தொழிலிலும் முன்னே சென்றுவிட்ட பிள்ளைகள் நம் குடும்பங்களில் இருக்கின்றார்கள். பின்தங்கிய தம்பியிடமும் தளர்ந்த தாயிடமும் திரும்பி வரும்போதுதான் அவர்கள் முன்னே சென்றதற்கு ஒரு பொருள் கிடைக்கின்றது.

மடு அன்னையின் திருவிழாவுக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களுக்கு இது புதிய செய்தியன்று. கூட்டத்தில் மெதுவாக நடக்கும் ஆச்சியின் நடைக்கு ஏற்பத் தம் நடையைக் குறைத்துக்கொள்ளும் இளைஞர்களை அந்தப் பாதையில் காணலாம். பாதையில் நாம் அறிந்ததை வீட்டிலும் அறிந்திருந்தால் எவ்வளவு நன்று!

ஆகவே, இந்த வாரம் ஒரு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் உறவிலோ அயலிலோ அன்பியத்திலோ இப்போது நடுவழியின் இருளில் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதுங்கள். அவரிடம் செல்லுங்கள். அவரது சிக்கலைத் தீர்த்துவைக்கும் எண்ணத்தோடு செல்லாதீர்கள், உடனிருக்கச் செல்லுங்கள். இருளில் இருப்பவர் நீங்களாகவே இருந்தால், பவுலடியாரைப் போலத் தாழ்மையோடு ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள். போர்வை வேண்டுமென்று கேட்பதால் விசுவாசம் குறைந்துவிடாது.

திமொத்தேயு குளிர்காலத்துக்கு முன் உரோமையைச் சென்றடைந்தாரா என்பதை விவிலியம் நமக்குக் கூறவில்லை. ஆனால் அந்த அழைப்பு எழுதப்பட்ட திருமுகம் இன்று நம் கைகளில் இருக்கின்றது. நாமாவது பிந்தாமல் புறப்படுவோம்.