பி.ஏ. பட்டத்திற்கு எத்தனை பாடம்?

தாராசுரத்தில் பட்டுத் தறியில் உட்காரும் தோழரும், பக்கத்துக் கிராமத்தில் நடவுக்குப் போகும் தாய்மாரும் இன்று பிள்ளைகளைக் கும்பகோணம் அரசு கலைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "சரித்திரம் படிக்கிறான்" என்று பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் சரித்திரத்தை மட்டும் படித்துப் பி.ஏ. பட்டம் வாங்கிவிட முடியாது. பல வீடுகளில் இந்த விஷயம் பையன் இரண்டு பேப்பரில் தவறிய பிறகுதான் தெரியவருகிறது.

நம் ராஜ்யத்தில் இளங்கலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கிறது. முதற் பகுதி தமிழ். இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாவதுதான் சரித்திரம், பொருளாதாரம் என்று பையன் எடுத்துக்கொண்ட பாடம். அதனோடு துணைப் பாடமும் விருப்பப் பாடமும் சேரும். நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல், நன்னெறி, திறன் பயிற்சி, வேறொரு துறையின் பாடம் என்று சில்லறையாகப் பல. ஐந்தாவது, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு போன்ற வகுப்புக்கு வெளியே உள்ள வேலை. மூன்றாம் பகுதியில் எவ்வளவு மார்க்கு வாங்கினாலும் சரி, ஆங்கிலத்தில் ஒரு பேப்பர் நின்றால் பட்டமும் அதோடு நிற்கும்.

இதற்கு ஊர் அறிந்த சாட்சி இருக்கிறது. கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா ஒருவருடைய மகன் 1904-இல் இதே கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. சம்பளம் கட்ட வீட்டில் வழியில்லை, படிப்பும் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. அவரை வீழ்த்தியது கணக்கு அல்ல, மற்றப் பாடங்கள்! அவர்தான் சீனிவாச ராமானுஜன். பின்னால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1916-இல் அவருடைய ஆராய்ச்சியைப் பார்த்தே பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக எடுத்துக்கொண்டது. கும்பகோணம் கொடுக்காத பட்டத்தைக் கடல் தாண்டிப் போய் வாங்க எத்தனை குமாஸ்தா மகன்களால் முடியும்?

அப்படியானால் ஆங்கிலத்தை எடுத்துவிடு என்கிறோமா? இல்லவே இல்லை. தமிழும் ஆங்கிலமும் இரண்டும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். தமிழ் இரண்டாம் பகுதியாகத் தள்ளப்பட்டு, ஆங்கிலம் முதற் பகுதியாக அமர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழ் போதித்த கல்லூரி இது. அந்தத் தமிழுக்குரிய இடம் இன்று கிடைத்திருப்பது நல்லதே. ஆனால் காசுள்ள வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தைக் கான்வென்டிலேயே முடித்துக்கொண்டு வருகிறான். நம் பிள்ளை பன்னிரண்டு வருஷம் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறான். இருவருக்கும் ஒரே பேப்பர், ஒரே மூன்று மணி நேரம். பேப்பரை வைக்கும் சர்க்கார் அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டாமா? நிரந்தர ஆசிரியரை நியமிக்காமல், சொற்பத் தொகைக்குக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வருஷக்கணக்கில் காலம் தள்ளினால் பாடம் எப்படி நடக்கும்?

டில்லியிலிருந்து வேறொரு யோசனை வந்திருக்கிறது. 2020-ஆம் வருஷத்துப் புதிய கல்விக் கொள்கையும், அதையொட்டி 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட திட்டமும், பட்டப்படிப்பை நான்கு வருஷமாக நீட்டுகின்றன. நடுவில் இறங்கிக்கொள்ளலாமாம்! ஒரு வருஷத்தில் போனால் சர்டிபிகேட், இரண்டில் டிப்ளமா, மூன்றில் பட்டம், நான்கில் ஆனர்ஸ். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வருஷத்தில் இறங்கப் போவது யார் வீட்டுப் பிள்ளை? அப்பனுக்குத் தறியில் பாவு இல்லாத மாதம், மேட்டூர்த் தண்ணீர் வராமல் குறுவை போன வருஷம், அந்த வீட்டுப் பிள்ளைதான் இறங்குவான். அவன் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "நீயாக விரும்பிப் போனாய்" என்று கணக்கு எழுதிவிடுவார்கள். பாதியில் போன படிப்புக்கு இதுவரை பெயர் நஷ்டம்; இனி அதற்குச் சர்டிபிகேட் என்று பெயர்.

பெற்றோர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே, ஐந்து பகுதிகளிலும் எந்தப் பருவத்தில் என்ன பேப்பர் என்ற பட்டியலைப் பிள்ளையிடம் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள் தெருவில் படித்த தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் பருவப் பரீட்சைக்கு முன்பே ஆங்கிலத்திற்குத் தனி வகுப்பு வைக்க வேண்டும் என்று, தாராசுரத்துப் பெற்றோர் பத்துப் பேராவது சேர்ந்து முதல்வர் அறைக்குப் போய் எழுத்துமூலம் கேளுங்கள்.