நன்கொடை நிலமும் நம் பிள்ளைகளின் மூச்சும்

 

நம் பகுதித் தொழிற்பேட்டைக்குள், தோல் பதனிடும் ஆலைகளுக்கு நடுவே, செல்வந்தர் ஒருவர் வழங்க முன்வந்துள்ள நிலத்தில் நம் சமுதாயப் பள்ளிக்கூடத்தைக் கட்டலாம் என்று ஜமாஅத்தில் பேசப்படுகிறது. நிலம் தருபவரின் நிய்யத்தை நாம் குறை கூறவில்லை. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! பள்ளிக்கூடம் தேவை என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் அது அந்த இடத்தில் வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்கிறோம்.

தோல் தொழில் நமக்கு அந்நியமன்று. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என இவ்வட்டாரத்தின் எத்தனையோ மதரஸாக்கள் அதன் வருவாயால் வளர்ந்தவை. அந்த உப்பை உண்டவர்கள் நாம். உண்டதனாலேயே அதன் தீங்கையும் அறிவோம். இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, இலட்சம் டன்னுக்கும் மேலாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2015 ஜனவரி 31 அன்று அங்குள்ள சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். சுவருக்கு அப்பால் இருந்தது வகுப்பறையாக இருந்திருந்தால்?

ஆலைக் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, தாழ்வாகவே தங்கும். சிறார் பெரியவர்களைவிட விரைந்து மூச்சு விடுபவர்கள். அவர்களின் மூக்கும் தரைக்கு அருகில் இருப்பது. ஆலையில் நிற்பவர் கூலிக்காகத் தாமே அறிந்து நிற்கிறார். ஐந்து வயதுக் குழந்தையை அங்கே நிறுத்துபவர்கள் நாம்.

“அல்லாஹ் காப்பான், தவக்குல் வையுங்கள்” என்கிறார்கள் சிலர். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்னுமிடத்திலிருந்து படையுடன் திரும்பிவிட்டார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். உமரைவிடத் தவக்குல் மிக்கவர்களா நாம்?

“இலவச நிலத்தை விடலாமா?” என்பது அடுத்த வாதம். நன்மையை ஈட்டுவதைவிடத் தீமையைத் தடுப்பது முந்தியது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. மேலும், பள்ளிக்கூடத்துக்கென நிபந்தனையிட்டு வக்ஃபு செய்துவிட்டால் அந்த நிபந்தனை நம் கையைக் கட்டிவிடும். இன்னும் வக்ஃபு எழுதப்படவில்லை. ஆகவே இன்றே அவரிடம் சென்று, கல்விச் செலவுக்கான வக்ஃபாக எழுதித் தருமாறு வேண்டுவோம். அந்நிலத்தைக் கிடங்காக வாடகைக்கு விட்டு, வரும் தொகையைக் கொண்டு மஹல்லாவுக்குள் பள்ளிக்கூடம் நடத்தலாம். ஸதகாவின் நன்மையும் குறையாது; பிள்ளைகளின் உடலும் கெடாது.

“ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அதுவே அருகு” என்பாரும் உளர். அவர்களுக்கு வேன் அமர்த்துவோம். ஏழையின் பிள்ளை என்பதற்காக நச்சுக் காற்று போதும் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஜமாஅத் நிர்வாகிகளே, உங்கள் பேரப்பிள்ளைகளை அங்கே சேர்ப்பீர்களா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மறுமையில் அதைப்பற்றி நாம் வினவப்படுவோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்திற்குத் தந்தையர் அனைவரும் வாருங்கள். தாய்மார்களின் கருத்தையும் எழுதிக் கொண்டு வாருங்கள். மௌனமாய் இருந்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

வல்ல அல்லாஹ் நமக்குத் தெளிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.