ஒரே எண் 112: அழைப்புகளை இணைப்பது யார்?

புதுதில்லி: போலீஸுக்கு 100, தீயணைப்புக்கு 101 எனப் பிரிந்து கிடந்த அவசர எண்களை 112 என்ற ஒரே எண்ணில் இணைக்கும் திட்டம் 2018 நவம்பரில் ஹிமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 2019-ல் தில்லிக்கு வந்தது. 2012 டிசம்பர் கொடுமைக்குப் பின் ஏற்படுத்தப்பட்ட நிர்பயா நிதியே இதற்கு ஆதாரம்.

இத்திட்டத்தில் அழைப்பை ஏற்பவர் ஒருவர். வாகனத்தை அனுப்புபவர் வேறொருவர். முன்னவர் கணினியில் பதிவு செய்வதைப் பின்னவர் திரையில் படித்து, அருகில் உள்ள ரோந்து வாகனத்துக்கு அனுப்புகிறார். அழைத்தவரின் குரலில் இருந்த பதற்றம் அவரை எட்டுவதில்லை. எட்டுவது சில வரிகளே. தெருப் பெயரோ வீட்டு எண்ணோ ஒழுங்காக இல்லாத குடியிருப்புகள் மலிந்த தில்லியில், மெட்ரோ தூணின் எண்ணே பல நேரம் முகவரி.

ஓடும் கார் பற்றிய புகார் என்றால் அந்த அடையாளமும் உதவாது. ஒரே கார் குறித்து வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் அழைப்புகளை வெவ்வேறு பேர் ஏற்கின்றனர். அவை ஒரே சம்பவம்தான் என உணர்ந்து, கார் செல்லும் திசையைக் கணித்து, அடுத்த காவல் நிலைய எல்லையை உஷார்படுத்த ஒருவர் வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் கடினமான வேலை இதுதான்.

2023 புத்தாண்டு அதிகாலையில் சுல்தான்புரியிலிருந்து கஞ்சாவாலா வரை இளம்பெண் ஒருவரைக் கார் சுமார் 12 கி.மீ. இழுத்துச் சென்றது. நேரில் கண்டவர்கள் தகவல் கொடுத்தும் கார் வழியில் மறிக்கப்படவில்லை. உள்துறை அமைச்சகத்தின் உத்தரவை அடுத்து, 3 ரோந்து வாகனங்களிலும் 2 சோதனைச் சாவடிகளிலும் பணியில் இருந்த 11 போலீஸார் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நடவடிக்கை தேவையானதே. ஆனால், எந்தக் கார், எந்தத் திசையில் வருகிறது என்பதைச் சாவடியில் நிற்பவர் தானாக அறிய இயலாது.